ஓஎச்எல்லா, கல்லூரியா: இந்த வருஷமே முடிவெடுக்க வேண்டுமா?

ஐஸ் ஹாக்கியின் உச்ச லீக்கான என்எச்எல்லின் டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், நாலாவது சுற்றில் தேர்வான 18 வயது டிஃபென்ஸ்மேன் (தடுப்பாட்டக்காரர்), எடை 77 கிலோ, கனடாவின் ஜூனியர் லீக்கான ஓஎச்எல்லில் இன்னொரு சீசனா, அமெரிக்கக் கல்லூரி அணியா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, மேஜர் ஜூனியரில், அதாவது ஓஎச்எல் மாதிரி லீக்குகளில், ஆடினால் கல்லூரிக் கதவு சாத்தப்படும் என்ற விதி 2025 ஆகஸ்டோடு போய்விட்டது, அதனால் இப்போதே போகாவிட்டால் எல்லாம் போச்சு என்று யார் பயமுறுத்தினாலும் நம்பாதீர்கள்.

ஆனாலும் நான் கல்லூரி என்பேன். ஓஎச்எல்லில் 68 ஆட்டம், நடுவே பஸ் பயணம், ஜிம்முக்கு நேரம் எங்கே? கல்லூரியில் ஏறக்குறைய பாதி ஆட்டம்தான், பெரும்பாலும் வெள்ளி, சனி. மற்ற நாளெல்லாம் உடம்பை ஏற்றலாம், மைதான மூலையில் பக்குக்காக (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டுக்காக) மோதுகிறவர்களுக்கு 22, 23 வயது இருக்கும், உங்களுக்கு அதுதான் தேவை. ஆனால் எந்த டிஃபென்ஸ் ஜோடியில் (முதல் ஜோடியா, கடைசி ஜோடியா) இறக்குவார்கள் என்று கோச்சிடம் நேராகக் கேளுங்கள், மழுப்பினால் வேண்டாம். அப்புறம், என்எச்எல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கல்லூரி ஆட்டம் அதோடு முடிந்தது, அந்தப் பேனாவை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.