சீனச் சமையலும் மேற்கத்தியச் சமையலும் கலந்த வீட்டு உணவில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

யோசிக்கவே வேண்டாம், ஹைனான் சிக்கன் சாப்தான். சாப் என்றால் ஆங்கிலேயர் பாணியில் பொரித்து சாஸோடு சாப்பிடும் இறைச்சித் துண்டு. மலேசியாவின் ஈப்போவில் நாங்கள் இருந்த தாமானில், அதாவது குடியிருப்பில், பக்கத்து வீட்டு ஆண்ட்டி சீனாவின் ஹைனான் தீவைப் பூர்வீகமாகக் கொண்டவர். அவர் அடுப்படியில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். இருபது வருடமாக என் வீட்டிலும் செய்கிறேன்.

ஆண்ட்டியின் அப்பா வெள்ளைக்கார துரை வீட்டில் சமையல்காரராக இருந்தவர். மலாயாவுக்கு வந்த சீனர்களில் ஹைனான்காரர்கள் பிந்தி வந்தவர்கள். வியாபாரமும் ஈயச் சுரங்கமும் ஏற்கெனவே மற்றவர்கள் கையில் இருந்ததால், நிறையப் பேர் ஆங்கிலேயர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலைக்குப் போனார்கள். அங்கே பழகிய சாப்பைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி மாற்றி, கோப்பிக்கடைகளுக்கும் கொண்டுவந்தார்கள். கோலாலம்பூரில் 1928இல் தொடங்கிய யூட் கீ கடை இதற்குப் பேர்போனது. அங்கே பன்றி இறைச்சியில் செய்வார்கள். எங்கள் வீட்டில் கோழிதான்.

எலும்பு நீக்கிய தொடைக்கறி நான்கு துண்டு எடுத்து, கத்தியின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டி, 2 கரண்டி சோயா சாஸ், 1 கரண்டி வூஸ்டர் சாஸ், வெள்ளை மிளகுத் தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். அப்புறம் அடித்த முட்டையில் முக்கி, நொறுக்கிய கிரீம் கிராக்கர் பிஸ்கட்டில் அழுத்திப் புரட்ட வேண்டும். ரொட்டித் தூள் வேண்டாம். பிஸ்கட்டின் உப்பும் மொறுமொறுப்பும் அதில் வராது. ஆண்ட்டி பிஸ்கட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கண்ணாடிப் போத்தலை மேலே உருட்டுவார். ரவை மாதிரி ஆனதும் நிறுத்திவிடுவார். மாவாகிவிட்டால் எண்ணெயை உறிஞ்சும். பிஸ்கட் சீக்கிரம் கருகும் என்பதால் மிதமான தீயில் பொரியுங்கள்.

இதன் உயிர் சாஸில்தான் இருக்கிறது. பெரிய வெங்காயத்தை வளையமாக நறுக்கி வதக்கி, 3 கரண்டி தக்காளி சாஸ், சோயா சாஸும் வூஸ்டர் சாஸும் ஒவ்வொரு கரண்டி, கொஞ்சம் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். கொதித்ததும் பச்சைப் பட்டாணியைப் போட்டு, சோளமாவைக் கரைத்து ஊற்றினால் பளபளவென்று கெட்டியாகும். அந்தப் பளபளப்பு முழுக்கச் சீனக் கைப்பக்குவம்.

சோயா சாஸும் வூஸ்டர் சாஸும் எப்படி இவ்வளவு ஒட்டிப்போகின்றன என்று எனக்கு ரொம்ப நாள் வியப்பு. போத்தலில் எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் புரிந்தது. வூஸ்டர் சாஸில் புளியும் நெத்திலி இனத்து மீனும் இருக்கின்றன. அது புளிக்கவைத்த மீன், சோயா சாஸ் புளிக்கவைத்த சோயாப் பயறு. இரண்டும் ஒரே வகை ருசியைத்தான் தருகின்றன. புளியும் நெத்திலியும் நமக்கும் புதிதில்லையே! அதனால்தானோ என்னவோ, என் அம்மாவுக்கு முதல் வாயிலேயே இது பிடித்துப்போனது. அவர் அதில் மிளகாய்த்தூள் சேர்க்கச் சொன்னார். நான் சேர்க்கவில்லை. காரம் ஏறினால் அந்த இனிப்புப் புளிப்பு அமுங்கிவிடும்.

தொட்டுக்கொள்ளப் பொரித்த உருளைக்கிழங்கு போதும். ஆண்ட்டி வீட்டில் சோற்றோடுதான் சாப்பிடுவார்கள். சாஸை முதலில் தட்டில் பரப்பி, சாப்பை அதன்மேல் வைப்பார். மேலே ஊற்றினால், உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிப்பதற்குள் பிஸ்கட் நமுத்துவிடும்.