முப்புள்ளியை எங்கே வைப்பது?

வணக்கம். கம்பத்திலிருந்து குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு விடியலில் ஜீப்பில் போகும் பெண்களைப் பற்றிய உங்கள் கதையைப் "புள்ளிகள் அதிகம்" என்று பத்திரிகையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நானும் கம்பத்துக்காரன்; நீங்கள் இணைத்திருந்த பக்கங்களை இரண்டு முறை படித்தேன்.

"ஜீப் கிளம்பியது......" என்கிறீர்கள். வினைமுற்று வந்தாயிற்று, வாக்கியமும் முடிந்தது. ஒற்றைப் புள்ளி போதும். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னே நிறுத்தினால்தான் முப்புள்ளிக்கு (…) உயிர். "அம்மா, நாளைக்கு மட்டும் நான் தோட்டத்துக்கு…" என்று அந்தப் பெண் இழுக்கிறாளே, அருமையான இடம்! சொல்லாமல் விட்ட வினை தொண்டையில் நிற்கிறது. அதைத் தொடவே தொடாதீர்கள்.

கங்காணி அவள் பேச்சை வெட்டும் இடத்தில் மட்டும் கோடு போடுங்கள். தயக்கத்துக்குப் புள்ளி, குறுக்கீட்டுக்குக் கோடு. அப்பாவின் கடிதத்தில் சில வரிகளை விட்டுவிட்டு எடுத்தாளும்போதும் முப்புள்ளி சரியே.

எண்ணிக்கை எப்போதும் மூன்று. ஒருங்குறியில் (யூனிகோடில்) மூன்றும் சேர்ந்த தனிக்குறியே இருக்கிறது. அதைப் போட்டால் வரி மடங்கினாலும் புள்ளிகள் பிரியாது.

சோதனைச் சாவடிப் பத்தியில் மட்டும் பதினோரு இடங்களில் இருக்கின்றன. இரண்டை வைத்துக்கொண்டு மறுபடி அனுப்புங்கள்.