மாதம் 40,000 பக்கத் திறப்பு என்றால் இன்ட்ராநெட்டை ஆக்கள் பாவிக்கிறார்கள் என்று அர்த்தமா?

கேள்வி: மட்டக்களப்பில் தலைமை அலுவலகம். வாழைச்சேனை, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை நகரம் என ஐந்து கிளைகள். மொத்தம் 180 ஊழியர்கள். ஒரு வருடமாக இன்ட்ராநெட் (ஊழியர்களுக்கு மட்டுமான உள் இணையத்தளம்) ஓடுகிறது, மாதம் 40,000 பக்கத் திறப்பு என்று ரிப்போர்ட் வருகிறது. பொது முகாமையாளர் "சனம் உண்மையிலேயே பாவிக்குதா, அளந்து சொல்லுங்கோ" என்கிறார். எப்படி அளப்பது?

பதில்:

முதலில் அந்த 40,000ஐ உடைத்துப் பாருங்கள். அலுவலகக் கணினிகளில் பிரவுசரைத் திறந்தவுடன் இன்ட்ராநெட் முகப்பு வரும்படி ஐ.டி. பிரிவு செட் பண்ணி வைத்திருக்கிறதா? 48 கணினிகள், ஒவ்வொன்றிலும் பிரவுசர் நாளுக்கு 25 தடவை திறபடுகிறது, சனிக்கிழமையும் சேர்த்து மாதம் 25 வேலைநாள் என்று வைத்தால் 30,000 திறப்பு அங்கேயே போய்விடும். அந்த 30,000 தடவையும் ஒருவரும் எதையும் வாசிக்கவில்லை. வங்கித் தளத்துக்கோ மின்னஞ்சலுக்கோ போகிற வழியில் முகப்பு கண்ணில் பட்டது, அவ்வளவுதான். ஆகவே முகப்பில் வந்து முகப்பிலேயே முடிகிற வருகைகளைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். ஐ.டி. ஆட்களின் கணினிகளையும் கழியுங்கள். சோதித்துப் பார்ப்பதற்கே நாள் முழுக்க அவர்கள் பக்கம் திறப்பார்கள்.

அடுத்தது, எத்தனை பேரில் என்பது. 180ஆல் வகுக்காதீர்கள். சாரதி, காவலாளி, களஞ்சியத்தில் மூட்டை ஏற்றுபவர் ஆகியோருக்கு லொகினே கொடுக்கவில்லை என்றால் அவர்களை "பாவிக்காதவர்" கணக்கில் போடுவது அநியாயம். அது வேறு பிரச்சினை, வேறு வரியில் எழுத வேண்டியது: "இத்தனை பேருக்கு வழியே இல்லை". மறுபக்கம், கிளைகளில் காசாளர் மேசைக் கணினியை நாலு பேர் ஒரே லொகினில் பாவிப்பது வழக்கம். மட்டோமோ போன்ற, வருகைகளை எண்ணும் மென்பொருள் குக்கியை (பிரவுசரில் சேமிக்கப்படும் சிறு அடையாளக் கோப்பு) வைத்து ஆளை எண்ணுவதால் அந்த நாலு பேரும் ஒருவராகத் தெரிவார்கள். அதே ஆள் கைப்பேசியிலும் திறந்தால் இருவராகத் தெரிவார். ஆளுக்கு ஒரு லொகின் கொடுத்து, அந்த லொகின் அடையாளத்தை மட்டோமோவுக்கு அனுப்பும்படி இணைத்தால்தான் தலை எண்ணிக்கை சரிவரும். இன்ட்ராநெட் மைக்ரோசொப்டின் ஷெயார்பொயின்ட்டில் ஓடுகிறது என்றால் அது லொகினை வைத்தே எண்ணும்; கடைசி 7, 30, 90 நாட்களுக்கு எத்தனை தனி ஆட்கள் பார்த்தார்கள் என்று தளத்தின் பயன்பாட்டுப் பக்கத்திலேயே காட்டும். பொது லொகின் இருந்தால் அங்கேயும் கணக்குப் பிழைக்கும்.

இதெல்லாம் வந்துபோன கணக்கு. முகாமையாளர் கேட்பது வந்த வேலை முடிந்ததா என்பதை. அதற்கு இன்ட்ராநெட்டில் செய்யக்கூடிய நாலைந்து வேலைகளை மட்டும் எடுங்கள்: லீவு விண்ணப்பம், சம்பளத் துண்டு எடுப்பது, புதிய சுற்றுநிருபத்தைக் கண்டுபிடிப்பது, வேறு கிளையில் ஒருவரின் தொலைபேசி இலக்கம், பயணக் கொடுப்பனவுப் படிவம்.

லீவையே பாருங்கள். போன மாதம் மொத்தம் எத்தனை லீவு எடுக்கப்பட்டது என்பது விரலடையாள இயந்திரத்திலோ வரவுப் பதிவேட்டிலோ இருக்கும். 96 என்று வைப்போம். அதில் இன்ட்ராநெட் வழியாக விண்ணப்பித்து, மேலதிகாரி அனுமதித்து, முழுதாக முடிந்தது 31 என்றால் அளவு 32 வீதம். மிச்சம் 65ம் கடதாசியிலும் வட்ஸ்அப்பிலும் நடந்திருக்கிறது. இதோடு இன்னொரு எண்ணையும் எடுங்கள்: படிவத்தைத் திறந்தவை எத்தனை? 70 திறந்து 31 மட்டும் முடிந்திருந்தால், ஆக்களுக்கு விருப்பமில்லை என்று சொல்ல இடமில்லை, படிவம்தான் அவர்களைத் துரத்துகிறது. பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. கைப்பேசியில் எடுத்த வைத்தியச் சான்றிதழ்ப் படம் 4 எம்.பி. இருக்கும், படிவம் 2 எம்.பி.க்கு மேல் ஏற்காது, பிழைச் செய்தியும் ஆங்கிலத்தில் வரும். அல்லது எழுதிக்கொண்டிருக்கும்போதே லொகின் காலாவதியாகி எல்லாம் அழிந்துவிடும். அல்லது அனுமதிக்க வேண்டிய முகாமையாளர் திறக்கவே இல்லை, ஊழியர் மூன்று நாள் பார்த்துவிட்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிடுவார். மூன்றாவதைக் கண்டுபிடிக்க, அனுப்பிய நேரத்துக்கும் அனுமதித்த நேரத்துக்கும் இடைவெளியை எக்செலில் போட்டு நடு எண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) பாருங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு விண்ணப்பம் 40 நாள் கிடந்தால் சராசரி முழுவதையும் கெடுத்துவிடும்.

செலவே இல்லாத, என் கணிப்பில் மிக நல்ல அளவுகோல் ஒன்று உண்டு: ஒரு கடதாசி. மனிதவளப் பிரிவு, கணக்குப் பிரிவு, ஐ.டி. மேசைகளில் ஒட்டிவிட்டு, இன்ட்ராநெட்டில் ஏற்கெனவே இருக்கிற விடயத்தை யாராவது அழைத்தோ நேரில் வந்தோ கேட்கும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொல்லுங்கள், இரண்டு வாரம். பெயர் வேண்டாம், விடயம் மட்டும். கிளை வட்ஸ்அப் குழுக்களிலும் இதே போல் எண்ணலாம். "அந்தப் படிவத்தை ஒருக்கா போடுங்கோ" என்ற ஒவ்வொரு செய்தியும் இன்ட்ராநெட்டின் தோல்வி.

இனித் தேடல் பெட்டி. எங்கள் பக்கத்துத் தளங்களில் அதிகம் உடைவது இங்கேதான். ஒன்றும் கிடைக்காத தேடல்களை ஷெயார்பொயின்ட் தனி அறிக்கையாகத் தரும். மட்டோமோவிலும் பார்க்கலாம், ஆனால் தேடலுக்கு எத்தனை முடிவு வந்தது என்ற எண்ணையும் தளம் அனுப்ப வேண்டும். அதை இணைக்காமல் விட்டுவிட்டு "பூச்சியத் தேடலே இல்லை" என்று மகிழ்வது பரவலான தவறு. அதிகம் தேடப்பட்ட 50 சொற்களை எடுத்து, நீங்களே ஒவ்வொன்றாகத் தட்டி, முதல் மூன்று முடிவுக்குள் சரியான பக்கம் வருகிறதா என்று ஆம், இல்லை போடுங்கள். ஒரு மணித்தியால வேலை.

எதனால் வராது? மனிதவளப் பிரிவு "விடுமுறை விண்ணப்பம்" என்று தலைப்பு வைத்திருக்கும், ஊழியர் "லீவு" என்று தேடுவார், இன்னொருவர் அதையே ஆங்கில எழுத்தில் தட்டுவார், அம்பாறைக் கிளையில் சிங்களத்தில் தேடுவார்கள். சம்பளத் துண்டுக்கு "பேசீற்". இவற்றை ஒத்த சொல் பட்டியலில் சேர்க்க வேண்டும். அடுத்தது பாமினி. பழைய சுற்றுநிருபங்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை; கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு உள்ளே ஆங்கில எழுத்துக் குவியல். இன்றைய பொதுக் குறியாக்கமான யுனிகோடில் தேடினால் ஆயுளுக்கும் கிடைக்காது. எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லை என்றால் தலைப்பையும் ஐந்து முக்கிய சொற்களையுமாவது யுனிகோடில் போடுங்கள். ஸ்கேன் பண்ணிய பி.டி.எப்.களுக்கும் இதே மருந்து. யுனிகோடிலும் ஒரு பொறி உண்டு: "கொ"வில் உள்ள கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறியாகவும் சேமிக்கலாம், பார்வைக்கு ஒன்று. "ஸ்ரீ"யையும் இரண்டு விதமாகக் குறியாக்கலாம். ஊழியர் விபரக்கொத்தில் ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்கள் பாதி கிடைத்துப் பாதி கிடைக்காமல் போனால் அங்கே பாருங்கள்.

பதிவுகள் காட்டாததை உட்கார்ந்து பார்க்க வேண்டும். தலைமை அலுவலகத்தில் இருவர், கிளைகளில் ஆறு பேர் என எட்டுப் பேருக்கு ஆறு வேலைகளைக் கொடுங்கள், ஒன்றுக்கு மூன்று நிமிடம். "லீவுப் படிவத்தைக் கண்டுபிடியுங்கள்" என்று பக்கத்தின் பெயரைச் சொல்லிவிடாமல், "அடுத்த செவ்வாய் வர முடியாது, என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். உதவ வேண்டாம். முதல் கிளிக் எங்கே போனது, முடித்தாரா, எவ்வளவு நேரம் என்று குறியுங்கள். 48 முயற்சியில் 29 வெற்றி என்றால் "ஏறக்குறைய 60 வீதம்" என்று எழுதினால் போதும். இவ்வளவு சிறிய தொகைக்குத் தசமம் போடுவது வேடிக்கை. பழைய சுற்றுநிருபத்தைக் கண்டுபிடித்துவிட்டு "கிடைத்தது" என்று சொல்பவரைத் தோல்வியில் சேருங்கள். அதுதான் ஆபத்தான தோல்வி.

பக்கத்தில் செலவிட்ட நேரத்தை நம்ப வேண்டாம். ஒருவர் தொலைபேசி இலக்கப் பக்கத்தில் எட்டு நிமிடம் இருந்தால் அவர் திணறுகிறார் என்றே பொருள். அதோடு, வருகையின் கடைசிப் பக்கத்தின் நேரத்தை மட்டோமோ சாதாரண அமைப்பில் பூச்சியமாகவே எழுதும். கருத்துக் கணிப்பில் "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் மேலதிகாரிக்குப் பயந்து எல்லோரும் 5க்கு 4 போடுவார்கள். "கடைசியாக எப்போது, எதற்காகத் திறந்தீர்கள்?" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரே கேள்வி கேளுங்கள்.

அளப்பதற்கு எந்த நான்கு வாரத்தை எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சித்திரைப் புத்தாண்டு வாரம், நோன்பு மாதம், வெள்ளம் வந்து இணைப்பு அறுகிற நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரி, இவற்றைத் தவிருங்கள். காத்தான்குடி, அக்கரைப்பற்றுக் கிளைகளில் வெள்ளி நண்பகல் பாவனை வரைபடம் கீழே விழும். அது ஜும்ஆ நேரம், அதற்குக் காரணம் தேடி மண்டையை உடைக்க வேண்டாம்.

லொகினை வைத்து அளக்கத் தொடங்கினால் அது தனிப்பட்ட தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எதை, எதற்காக, எவ்வளவு காலம் சேமிக்கிறோம் என்று ஊழியர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். ஆள்வாரியான பட்டியலை எந்த முகாமையாளருக்கும் கொடுக்காதீர்கள்; ஐந்து பேருக்குக் குறைந்த பிரிவை இன்னொன்றோடு சேர்த்துக் காட்டுங்கள். யார் திறக்கவில்லை என்று தேடுகிறார்கள் எனத் தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் காலையில் ஒருமுறை சும்மா திறந்து மூடுவார்கள், எண் திரும்பவும் பொய்யாகிவிடும்.

பொது முகாமையாளருக்கு ஒரு பக்கம் போதும்: வேலை முடிந்த வீதம், தேடலில் கிடைத்த வீதம், மேசைக் கடதாசியின் கோடுகள், லொகின் இல்லாதோர் தொகை. நான்கையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்காதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் திருத்த வேண்டிய ஒரு விடயம், பொறுப்பாளர், திகதி. திருத்தியபின் மூன்று வாரம் விட்டு, அதே ஆறு வேலைகளை வேறு எட்டுப் பேருக்குக் கொடுத்துப் பாருங்கள்; முதல் எட்டுப் பேருக்கு வழி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.