ஹெட்போனைத் திருப்பி மாட்டியும் இடது காது மந்தமா? இன்றே கிளம்புங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. மகள் பிளஸ் டூ படிப்பதால் இரவு 10 மணிக்கு மேல் ஹெட்போன் மாட்டித்தான் படம் பார்க்கிறேன். காதை முழுதாக மூடும் ஹெட்போன் செவிப்பறையைக் கெடுத்துவிடும், புளூடூத் மூளையில் கட்டியை வரவழைக்கும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். 5 நாட்களுக்கு முன் காலையில் எழுந்தபோது இடது காது அடைத்துக்கொண்டது, கூடவே லேசான இரைச்சல். ஹெட்போன்தான் கெட்டுவிட்டதோ என்று இடம் வலம் மாற்றி மாட்டிப் பார்த்தேன். அப்போதும் இடது காதில்தான் மந்தம். மருந்துக்கடையில் கொடுத்த சொட்டு மருந்து போட்டு வருகிறேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இனி திறந்த வகை ஹெட்போன் வாங்கட்டுமா? எனக்குக் காது கேட்காமல் போய்விடுமா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், இன்று மாலைக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள் என்று. பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதே நிலையில் இன்னும் பலர் சொட்டு மருந்தோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஹெட்போனை மாற்றி மாட்டிப் பார்த்தீர்கள் அல்லவா, அது அருமையான சோதனை. கருவி கெட்டிருந்தால் மந்தம் வலது காதுக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை, அப்படியென்றால் கோளாறு காதில். படத்தின் சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே அளவில்தான் போனது. சத்தத்தால் வரும் கேட்புக் குறை பெரும்பாலும் இரண்டு பக்கமும், அதுவும் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். ஒரே இரவில், ஒரே காதில் வருவது வேறு விஷயம்.

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, குறும்பியோ சளியோ அடைத்திருப்பது. இது எளிதாகச் சரியாகும். இன்னொன்று, உள்காதின் நரம்புப் பகுதி திடீரென்று செயலிழப்பது. நோயாளிக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், 'அடைத்த மாதிரி இருக்கு டாக்டர்' என்பார். இந்த ஒற்றுமைதான் ஆட்களை ஏமாற்றுகிறது.

வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று தாழ்ந்த குரலில் முனகிப் பாருங்கள். ஓசை விரல் அடைத்த பக்கமே பெரிதாகக் கேட்கும். குறும்பி அடைத்தாலும் அப்படித்தான். இப்போது விரலை எடுத்துவிட்டு முனகுங்கள். ஓசை மந்தமான இடது காதில் பெரிதாகக் கேட்டால் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல வலது காதுப் பக்கம் போனால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். இதையேதான் நாங்கள் 512 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை) நெற்றியில் வைத்துச் செய்கிறோம். ஆனால் வீட்டில் முனகிப் பார்த்துவிட்டு 'அடைப்புதான்' என்று படுத்துவிடாதீர்கள். எந்தப் பக்கம் கேட்டாலும் ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை, எடுத்தே ஆக வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? நரம்பு வகையாக இருந்தால் ஸ்டீராய்டுதான் முக்கிய சிகிச்சை, முதல் 2 வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். நாள் போகப்போக வாய்ப்பு குறையும். பேருந்து நடத்துநர் ஒருவர் என்னிடம் 2 மாதம் கழித்து வந்தார். அதுவரை வெதுவெதுப்பான எண்ணெய், பூண்டுச் சாறு, மூன்று வகைச் சொட்டு மருந்து எல்லாம் பார்த்திருக்கிறார். காதுத் துளை எண்ணெயில் பளபளவென்றிருந்தது, உள்ளே குறும்பி துளிகூட இல்லை. அந்தக் காதில் அவருக்கு இன்றைக்கும் டிக்கெட் கேட்கும் குரல் விழுவதில்லை. முதல் வாரமே வந்திருந்தால் முயன்று பார்க்க வழி இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

மருத்துவமனையில் சீட்டுப் போடும்போது 'காது அடைப்பு' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'ஒரு காது திடீரென்று கேட்கவில்லை, இன்றோடு இத்தனை நாள்' என்று சொல்லுங்கள். சர்க்கரை இருப்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றும். அதற்காகச் சிகிச்சையே வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. சர்க்கரையைக் கண்காணித்துக்கொண்டே மாத்திரை தரலாம், இல்லையென்றால் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசியாகவே போடலாம். கடையில் நீங்களாக ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடுவது மட்டும் கூடவே கூடாது. பிறகு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் பயப்படாதீர்கள், கேட்பு நரம்பில் சிறு கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்யும் வழக்கமான நடைமுறைதான் அது. காது மந்தத்தோடு முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது இருந்தால் காது மருத்துவரைத் தேட வேண்டாம், உடனே 108.

சரி, ஹெட்போனுக்கு வருவோம். மூடிய வகை செவிப்பறையைக் கெடுக்காது. சொல்லப்போனால் உங்கள் வீட்டுக்கு அதுதான் பொருத்தம். திறந்த வகையில் மின்விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும் உள்ளே வரும், வசனம் கேட்கவில்லை என்று நீங்கள் ஒலியைக் கூட்டுவீர்கள். உங்கள் படத்தின் சத்தமும் வெளியே கசிந்து மகளின் படிப்பைக் கெடுக்கும். மூடிய வகையில் மெத்தை காதைச் சுற்றி நன்றாகப் பதிந்தால் குறைந்த ஒலியிலேயே எல்லாம் தெளிவாகக் கேட்கும். கடையில் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி அணிந்தே போட்டுப் பாருங்கள். கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிவிட்டால் இடைவெளி விழும், மறுபடி ஒலியைக் கூட்டத் தோன்றும்.

சினிமாவில் உள்ள சிக்கல், வசனம் மெதுவாகவும் சண்டை பலமாகவும் இருப்பதுதான். கிசுகிசுப்பு கேட்க ஒலியைக் கூட்டுகிறோம், அடுத்த நிமிடம் குண்டு வெடிக்கிறது. பல டிவிகளில் இரவு ஒலி அமைப்பு இருக்கிறது, இந்த ஏற்ற இறக்கத்தை அது குறைக்கும். அதைப் போடுங்கள், கூடவே சப்டைட்டிலையும் வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. 90-ஐத் தொட்டால் வாரம் 4 மணி நேரம்தான், இரண்டு படத்துக்குக்கூடப் போதாது. டெசிபல் அளக்க வீட்டில் கருவி வேண்டியதில்லை. படம் முடிந்து ஹெட்போனைக் கழற்றியதும் இரண்டு காதும் பஞ்சு வைத்தது போலிருந்தால், அன்று ஒலி அதிகம். அடுத்த நாள் குறைத்துவிடுங்கள்.

புளூடூத்தால் மூளைக்கட்டி என்பதை விட்டுத்தள்ளுங்கள். காதில் வைத்துப் பேசும் செல்போனை விட மிகக் குறைந்த சக்தியில்தான் அது இயங்குகிறது. அந்த வீடியோக்களைப் பார்த்த நேரத்தில் ஒரு ஆடியோகிராமே எடுத்திருக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் மெத்தைக்குள் வியர்ப்பதுதான் கவனிக்க வேண்டியது. ஈரமான காதில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். இடைவேளை விட்டு ஹெட்போனைக் கழற்றுங்கள், மெத்தையைத் துணியால் துடைத்து உலர வையுங்கள். பட்ஸ் விட்டுக் குடைய வேண்டாம்.

காது போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். 5-ஆவது நாளில் வந்தவர்களில் பலருக்குக் கேட்பு கணிசமாகத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். சிலருக்கு முழுதாகவே திரும்பியது. உங்களுக்கு எப்படி என்பதை ஆடியோகிராம் பார்க்காமல் நான் சொன்னால் அது வெறும் ஆறுதல் வார்த்தையாகிவிடும். சொட்டு மருந்தை நிறுத்திவிடுங்கள். ஆடியோகிராம் நகலை எனக்கு அனுப்புங்கள், எந்த ஹெட்போன் என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.