ஏழு மாடியும் சில கோப்புகளும்

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். சென்ற வாரம் வகுப்பில் வாட்டர்கேட் பாடம், அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த ஊழல். நிக்சனை அடுத்து வந்த அதிபர் ஃபோர்டு மன்னித்த இடம் வந்ததும் ஒரு மாணவி எழுந்து, "நம் ஊரில் ஆளுநர் ஒரு முதலமைச்சரை இப்படி மன்னிக்க முடியுமா மேடம்?" என்று கேட்டாள். நாளை சொல்கிறேன் என்று அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன். ஆனால் அன்று இரவு எனக்கே சலிப்பாகிவிட்டது. முடிந்தால் என்ன, முடியாவிட்டால் என்ன? பெரிய பதவியில் இருக்கும் யார் இங்கே எதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்?

சிறுவயதில் கொடைக்கானல் வரும்போதெல்லாம் அப்பா பிளசன்ட் ஸ்டே ஹோட்டலைப் பற்றிச் சொல்வார். "இதற்காகத்தான் தர்மபுரியில் பஸ்ஸைக் கொளுத்தினார்கள்" என்பார். அடுத்த மாதம் முப்பது மாணவிகளோடு மலைக்கு வருகிறேன். அந்தக் கட்டடத்தைக் காட்டலாமா? காட்டினால் என்ன சொல்வது?

ம.,
திண்டுக்கல்

அன்புள்ள ம.,

மாணவிக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். நிக்சனை மன்னித்த மாதிரி இங்கே முடியாது. 1974 செப்டம்பர் 8 அன்று ஃபோர்டு கையெழுத்திட்டபோது நிக்சன்மீது வழக்கே தொடரப்பட்டிருக்கவில்லை. 1969 ஜனவரி 20 முதல் 1974 ஆகஸ்ட் 9 வரை அவர் செய்த, செய்திருக்கக்கூடிய குற்றங்கள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் துடைத்துவிட்டார்கள். நம் அரசமைப்புச் சட்டத்தின் 161-ஆவது பிரிவு, தண்டிக்கப்பட்டவரைப் பற்றித்தான் பேசுகிறது. முதலில் தீர்ப்பு வர வேண்டும். பிறகுதான் மன்னிப்பு, தண்டனைக் குறைப்பு எல்லாம்.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லுங்கள். ஆளுநர் தன் விருப்பப்படி இதைச் செய்ய முடியாது, அமைச்சரவை சொல்கிறபடிதான் செய்ய வேண்டும் என்று 1980-இல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, தண்டிக்கப்பட்ட முதலமைச்சருக்கு அவருடைய கட்சியின் அமைச்சரவையே பரிந்துரை எழுதலாம். எழுதினால் அதோடு முடிந்துவிடாது. ஆந்திரத்தில் கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஆளுங்கட்சிக்காரர் ஒருவரின் மிச்சத் தண்டனையை ஆளுநர் தள்ளுபடி செய்தார். 2006-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

சட்டம் இவ்வளவுதான். இதைச் சொல்லி முடித்தால் மாணவி தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஆனால் உங்கள் சலிப்புக்கு இது பதில் ஆகாது. நான் பார்த்தவரை, பெரியவர்களுக்கு நம் ஊரில் மன்னிப்பு கடைசியில் வருவதில்லை. தவறு நடந்த சூட்டிலேயே வந்துவிடுகிறது, பெயர் மட்டும் வேறு: விலக்கு, தளர்வு, வரன்முறை (அனுமதியில்லாமல் கட்டியதைப் பின்னால் சட்டப்படி ஏற்றுக்கொள்வது). உங்கள் அப்பா காட்டிய கட்டடம் அதற்கு நல்ல பாடம். அவர் சொன்னதும் சரிதான், ஆனால் கதையின் நடுப்பக்கத்தை மட்டும் சொல்லியிருக்கிறார்.

இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கிய ஹோட்டல் அது. எழுந்தது ஏழு. கீழே இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. மதுரையில் ஏழு மாடியை யார் ஏறிட்டுப் பார்க்கிறார்கள்? இங்கே மண் சரிவில் நிற்கிறது. மேட்டில் ஒருவர் வெட்டிய மண், மழைக்குக் கீழ்வீட்டுக்காரரின் சமையலறைக்கு வந்து சேரும். சீசனில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும் ஊர் இது. மலைக்கென்று தனிக் கட்டட விதிகள் வந்தது இதனால்தான்.

1985-இல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சில் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1994 மே மாதம், விதிகளிலிருந்து அந்த ஹோட்டலுக்கு விலக்கு அளித்து, அப்போது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவின் அரசிடமிருந்து அரசாணை வந்தது. ஒரே ஒரு கட்டடத்துக்காக ஓர் அரசாணை! மன்னிப்பு என்ற சொல் அதில் கிடையாது. ஆனால் ஃபோர்டின் காகிதம் செய்ததையே அதுவும் செய்யப் பார்த்தது: தீர்ப்பு வருவதற்கு முன்பே கணக்கை முடிக்கப் பார்த்தது. 1995-இல் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, கூடுதல் தளங்களை இடிக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டில் அதை உறுதி செய்தது.

பிறகு ஆட்சி மாறியது, குற்ற வழக்கு வந்தது. 2000 பிப்ரவரி 2 அன்று சென்னைத் தனி நீதிமன்றம் அந்த விலக்குக்காக ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அன்று நான் வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் இருந்தேன். விதைப்பூண்டு வாங்கப் போயிருந்தேன். மலைக்குப் போகிற பஸ்ஸையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். டீக்கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே டிவியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் சுற்றுலா வந்த பஸ்ஸை, தர்மபுரி பக்கம் இலக்கியம்பட்டியில், தீர்ப்பை எதிர்த்து அவருடைய கட்சிக்காரர்கள் கொளுத்திவிட்டார்கள், மூன்று பெண்கள் இறந்துவிட்டார்கள் என்று அந்தப் பாதி ஷட்டருக்குள் நின்றுதான் கேட்டேன். ஒரு மண்டி வாசலில் மூட்டைமேல் படுத்திருந்து, மறுநாள் கேரட் ஏற்றப்போகும் காலி லாரியில் மலையேறினேன். டம்டம் பாறை தாண்டும்வரை டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் கல்லூரி போகிற மகள் இருந்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் வகுப்புக்குத் தேவையான பகுதி. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை இந்த வழக்கிலிருந்து விடுவித்தது. அந்தத் தீர்ப்பை மீறி அவரைக் குற்றவாளி என்று எழுத எனக்கு உரிமையில்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் ஆணை சட்டத்துக்கு விரோதமானது என்று சொன்னதும் நீதிமன்றம்தான். ஆணை தவறு, தண்டிக்க ஆளில்லை. சட்டத்தில் இரண்டும் ஒன்றாக நிற்கலாம். ஒரு முடிவு செல்லாது என்பதற்கு வேண்டிய ஆதாரம் வேறு, ஒருவர் குற்றவாளி என்பதற்கு வேண்டிய ஆதாரம் வேறு. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் நம் பொதுவாழ்க்கை முழுவதும் சௌகரியமாகக் குடியிருக்கிறது.

பஸ் வழக்கு அப்படி நழுவவில்லை. சாட்சிகள் பிறழ்ந்துபோனார்கள். இறந்த மாணவி ஒருத்தியின் தந்தை உயர் நீதிமன்றத்தை நாடியதால் விசாரணை சேலத்துக்கு மாறி, புதிதாக நடந்தது. 2007-இல் மூவருக்குத் தூக்கு. 2010-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2016-இல் அதே நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. (தூக்கு நீங்கியதில் எனக்கு நிம்மதிதான். யார் கழுத்துக்கும் கயிறு வேண்டாம் என்பவன் நான்.) 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி, அந்த ஆண்டு பிப்ரவரி 25-க்குள் பத்து ஆண்டு சிறையில் கழித்த ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுவிக்க அரசு முடிவெடுத்தது. இந்த மூவரின் கோப்பை ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பினார். அரசு மீண்டும் அனுப்பியது. நவம்பரில் மூவரும் வேலூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். கொடைக்கானலில் ஐந்து மாடி கூடுதலாக எழுந்ததிலிருந்து தொடங்கும் இந்தச் சங்கிலியில் பத்து ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தவர்கள் யார்? அந்தக் கட்டடத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்களா என்றே தெரியாத மூன்று கட்சிக்காரர்கள். அவர்கள் செய்தது கொடுமை, அதில் எனக்கு மறுபேச்சில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். நிக்சனின் ஆட்கள் ஹால்டமன், எர்லிக்மன், மிட்செல் மூவரும் சிறை சென்றார்கள். நிக்சன் கலிபோர்னியாவில் வீட்டுக்குப் போனார்.

அதே 2018 செப்டம்பரில் ராஜ்பவனுக்கு இன்னொரு கோப்பும் போயிருந்தது. ராஜீவ் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஏழு பேரை விடுவிக்கச் சொல்லும் அமைச்சரவைப் பரிந்துரை. அதே ஆளுநர், அதே 161. அந்தக் கோப்பு இரண்டு ஆண்டுக்கு மேல் அங்கேயே கிடந்து, 2021-இல் குடியரசுத் தலைவர் பக்கம் தள்ளப்பட்டது. கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே அந்த ஏழு பேரில் ஒருவரான பேரறிவாளனை விடுவித்தது. இந்த ஏழு பேர் விஷயத்தில் தமிழ்நாட்டில் ஆளுக்கொரு கருத்து உண்டு. உங்கள் வகுப்பிலும் இருக்கும். அதற்குள் நான் போகவில்லை. ஒரு கோப்பு ஏன் நடந்தது, மற்றது ஏன் படுத்தது என்று கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆள் ஒருவராவது இருக்க வேண்டாமா? மன்னிப்பே கூடாது என்று வாதாடுகிற நண்பர்களோடு நான் உடன்படாதது இங்கேதான். மன்னிக்கிற அதிகாரம் அரசுக்கு இருக்கட்டும். நீதிமன்றமும் தவறு செய்யும், மனிதர்களும் மாறுவார்கள். ஆனால் மன்னிக்கிற கை காரணத்தை எழுதிவைக்க வேண்டும், எழுதியதை எல்லோரும் படிக்க வேண்டும். ஃபோர்டை நான் ஒரு விஷயத்தில் மதிக்கிறேன். மன்னிப்பு கொடுத்த அடுத்த மாதமே பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு முன் நேரில் போய் உட்கார்ந்து, ஏன் கொடுத்தேன் என்று பதில் சொன்னார். பதில் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. இருந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். 1994 அரசாணைக்காகவோ 2018 விடுதலைக்காகவோ நம் சட்டமன்றக் குழு எதன் முன்னாலும் யாராவது அப்படி உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நீங்கள் என்னை மன்னிக்கக் கூடாது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் என் வீட்டுக்குப் பின்னால், மகள் வந்தால் தங்க, ஓர் அறை கட்டினேன். வரைபட அனுமதி வாங்கவில்லை. எல்லோரும் கட்டுகிறார்களே என்ற நினைப்புதான். அந்த அறையால் கீழ்வீட்டுக்காரருக்கு மழைநீர் திரும்பியது. அவர் சண்டை போட்டார். ஒரு கால்வாய் வெட்டிக்கொடுத்துச் சமாதானமானேன். பிறகு நோட்டீஸ் வந்தது. நானும் எல்லோரையும் போல, வரன்முறை செய்துதரச் சொல்லி மனுப் போட்டேன். மனு நிலுவையில் இருக்கிறது, மகள் வருடத்துக்கு இரண்டு முறை வந்து தங்கிப் போகிறாள்.

வரன்முறையின் கதையும் சுவையானது. சென்னையின் அனுமதியற்ற கட்டடங்களுக்கு ஒரே ஒருமுறை என்று சொல்லி 1998-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஒருமுறை அடுத்தடுத்து நீண்டுகொண்டே போனது. 2006-இல் உயர் நீதிமன்றம்தான் அந்த நீட்டிப்புகளைத் தள்ளியது. அதற்கு முன், 2000-இல், விதிகளிலிருந்து விலக்களித்த 62 அரசாணைகளை உச்ச நீதிமன்றம் ஒரே வழக்கில் ரத்து செய்திருந்தது. அறுபத்திரண்டு! என் பின்னறை அவற்றோடு ஒப்பிடச் சின்னது. ஆனால் என் மனுவில் நான் எழுதிய வாசகம், "கருணையுடன் பரிசீலிக்கவும்" என்பது. நானும் காரணம் எழுதவில்லை.

ஆகவே கட்டடத்தைக் காட்டலாமா என்றால், காட்டுங்கள். ஆனால் ஏழு மாடியை நினைத்துக்கொண்டு வரும் மாணவிகளுக்கு அங்கே பார்க்க அதிகம் ஒன்றும் இருக்காது. கையில் வேலை கொடுங்கள். ஆளுக்கு ஒரு தகவல் உரிமை மனு எழுதச் சொல்லுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். இந்த மலையில் எந்தெந்தக் கட்டடத்துக்கு விலக்கு தரப்பட்டது, கோப்பில் யார் என்ன குறிப்பு எழுதினார்கள், நகல் தருக என்று கேட்கட்டும். "ஏன்" என்று கேட்டால் பதில் வராது, "கோப்புக் குறிப்பின் நகல்" என்று கேட்டால்தான் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வருகிற தேதியை எழுதுங்கள். மூஞ்சிக்கல்லில் இறங்கியதும் என்னைக் கூப்பிடுங்கள், மாணவிகளுக்குப் பேரிக்காய் தருகிறேன். அவர்களில் யாராவது என் பின்னறைக் கோப்பைக் கேட்டு மனுப் போட விரும்பினால், கதவு எண்ணை நானே சொல்கிறேன்.

அன்புடன்.