ஏழைகளுக்குச் சின்னச் சின்னக் கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனம் திறமையாக நடக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

பர்மாவையே எடுத்துக்கொள்வோம்; அங்கே பணம் கியாட். 100 கியாட் கடன் வெளியே நிற்க, ஆண்டுக்கு எத்தனை கியாட் செலவாகிறது என்று முதலில் பார்ப்பார்கள். சம்பளம், வாடகை, பயணம் எல்லாம் இதில் சேரும். இதுதான் செயல்பாட்டுச் செலவு விகிதம்.

ஆனால் இதை மட்டும் நம்பினால் ஏழைகளுக்கு அநியாயம் செய்துவிடுவோம். யாங்கோன் தெருவோரம் தோசை சுடும் அக்கா ஒருவர் 3 லட்சம் கியாட் வாங்குகிறார் என்று வையுங்கள். கடன் அலுவலர் வீடு தேடி வருகிறார், குழுவைக் கூட்டுகிறார், தவணையை எண்ணி வாங்கி அட்டையில் குறிக்கிறார். அதற்கு ஆண்டுக்கு 30,000 கியாட் செலவானால், விகிதம் 10 சதவீதம். அதே அலைச்சலில் பெரிய கடைக்காரருக்கு 30 லட்சம் கொடுத்தால் வெறும் 1 சதவீதம்.

பூ வியாபாரம் மாதிரிதான். நூறு வீட்டுக்கு முழம் போட்டுக் கொடுப்பவரும், மொத்தப் பூவையும் ஒரே கல்யாண வீட்டில் இறக்குபவரும் ஒரே அளவா நடக்கிறார்கள்?

அதனால் ஒரு கடனாளிக்கு ஆகும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்புறம், 30 நாளுக்கு மேல் தவணை தவறிய கடன் எவ்வளவு என்பதையும்.

பர்மாவில் 2011இல் நுண்கடன் சட்டம் வந்தது. ஆண்டு வட்டிக்கு 30 சதவீதம் என்றிருந்த உச்சவரம்பு 2019இல் 28 ஆனது. வரம்பு இறங்கும்போது, செலவைக் குறைக்க முடியாத நிறுவனம் சின்னக் கடன்களைத்தான் முதலில் கைவிடும். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

வட்டி அதிகம் என்றாலே கொள்ளை லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். சின்னக் கடனின் வட்டியில் பெரும் பங்கு அந்த அலைச்சலுக்கே போய்விடுகிறது.