லேப்ராஸ்கோபி வேண்டாம்னு டாக்டர் சொல்றது ஏன்?

கேள்வி: அக்காவுக்கு 38 வயசு, கர்ப்பப்பை வாய் கேன்சர், 1பி1 ஸ்டேஜ் (கர்ப்பப்பை வாயத் தாண்டாத ஆரம்ப நிலை). சின்ன ஓட்டை போட்டு பண்ற லேப்ராஸ்கோபி கேட்டோம், டாக்டர் வயித்தத் திறந்துதான் பண்ணணும்ங்கறாரு. பயமா இருக்கு.

பதில்: டாக்டர் சொல்றதுல நியாயம் இருக்கும்மா. 2018ல வெளியான பெரிய ஆய்வுல, கர்ப்பப்பையோட சுத்தியிருக்கிற திசுவையும் சேத்து எடுக்கிற ஆபரேஷன லேப்ராஸ்கோபி, ரோபோ மூலமா பண்ணவங்களுக்கு நோய் அதிகமா திரும்பிச்சு, மூணு வருஷத்துல நோயில்லாம இருந்தவங்க திறந்து பண்ணதுல 97.1 சதவீதம், லேப்ராஸ்கோபி, ரோபோல 91.2தான், அதனால தழும்பு சின்னதா இருக்கும்னு மட்டும் பாக்காதீங்க. கட்டி 2 செ.மீ.க்குள்ள, அது உள்ள போன ஆழமும் கம்மின்னா, சுத்தியிருக்கிற திசுவ விட்டுட்டு கர்ப்பப்பைய மட்டும் எடுத்தாலே போதுமான்னு கேளுங்க, சிறுநீர் தொந்தரவு குறையும். இந்த வயசுல சினைப்பைய பெரும்பாலும் விட்டுடலாம், அதையும் ஆபரேஷனுக்கு முன்னாடியே பேசிடுங்க. குழந்தை ஆசை இருந்தா இப்பவே சொல்லணும், கர்ப்பப்பைய காப்பாத்துற ஆபரேஷனும் சிலருக்கு முடியும்.